வெளி டின்

ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மெக்கானிக்குக்கு எங்கேயாவது குமட்டுமா என்று கேலி செய்பவர்கள் ஓசூரில் நிறையப் பேர். குமட்டும். கிரீஸோடும் பேட்டரித் திராவகத்தோடும் எனக்கு ஒரு தகராறும் கிடையாது. அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை அழுக்கே அல்ல. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று புகுந்து, ஊறி, புளித்துக் கிடந்தால்தான் என் வயிறு சும்மா இருக்காது.

அன்றைக்கு மூடிக்கு அடியில் கிடந்தது தண்ணீரே இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த கூழ். மேலே ஏடு கட்டியிருந்தது. மூடியின் உள்பக்கம் விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. ஒரு குச்சியை விட்டுக் கிளறினேன். கூழ் விலகி இடம் கொடுத்துவிட்டு, அவசரமில்லாமல் மறுபடி மூடிக்கொண்டது. நாற்றம் வேறு. காலையில் தின்ற களி தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

வண்டி, பேரிகைப் பக்கத்துப் பண்ணைக்காரர் வெங்கடப்பனுடையது. தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கறுப்புக் கார். அந்த வட்டாரத்தில் அவர் ஒருவரிடம்தான் கார் இருந்தது, அதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை. ஓட்டுகிறவன் முனிராஜ், பண்ணையை ஒட்டிய சேரிக்காரன். யுத்த காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். சேரிக்காரனை எப்படி வண்டியில் ஏற்றினீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "கார் இரும்பு. இரும்புக்கு என்னா தீட்டு?" என்றாராம் வெங்கடப்பன். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வேறு டிரைவர் அகப்படவில்லை என்பதுதான் நிஜம்.

"மேஸ்திரி, ஹெட்டு வெடிச்சுப் போச்சு" என்றார் வெங்கடப்பன், என் தகரக் கொட்டகையின் வாசலில் நின்றபடி. உள்ளே வந்தால் வேட்டியில் கறை படுமாம். "தண்ணில எண்ணெய் கலந்திருந்தா ஹெட்டுதான்னு பெங்களூர்ல ஒருத்தன் சொன்னான். இந்தப் பய தண்ணி ஊத்தாம ஓட்டி ஓட்டி வெடிக்க வெச்சிருக்கான். நீ பிரிச்சுப் பாத்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். இன்னிக்கே இவன அனுப்பிட்டு குடிசையயும் காலி பண்ணச் சொல்லிடறேன்."

முனிராஜ் பத்தடி தள்ளி நின்றான். குடிசை பண்ணை நிலத்தில் இருந்தது. அவன் பெண்டாட்டி செல்லிக்கு அப்போது நிறைமாதம். அது எனக்குத் தெரியும், வெங்கடப்பனுக்கும் தெரியும்.

"பாத்துட்டுச் சொல்றேங்க ஐயா" என்றேன். அவர் தாலுக்கா ஆபீசில் ஏதோ பட்டா விஷயம் இருக்கிறதென்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

"தண்ணி ஊத்தாம ஓட்டுனியா?" என்று முனிராஜைக் கேட்டேன்.

"இல்லீங்க மேஸ்திரி. தெனமும் ஊத்தறேனுங்க. ரெண்டு மூணு மாசமாவே ஏத்தத்துல ஏறுனா ஆவி அடிக்குது. அதனால காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் ஊத்தறேன். வறள விட்டதே இல்லீங்க."

"எண்ணெய் ஏதாவது ஊத்துனியா?"

"நான் எதுக்குங்க எண்ணெய் ஊத்தறேன்?" என்றவன், சட்டென்று முகம் சுருங்கி, "இதோ வந்துடறேனுங்க" என்று ரோட்டைத் தாண்டி உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடினான். வந்து நின்றான். ரப்பர் குழாயைக் கழற்ற ஒரு கை பிடிக்கச் சொன்னேன். பிடித்தவன் மறுபடி ஓடினான். எனக்கு எரிச்சலாக வந்தது. முன்னால் நாறுகிற வண்டி, பின்னால் இவன். நல்ல நாளாகப் பார்த்துக் கடையைத் திறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் எவனோ சொன்னானென்று நான் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற மாட்டேன். முதலில் ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஹெட்டு வெடித்தோ, அதற்கடியில் உள்ள கேஸ்கெட் போயோ இருந்தால் எண்ணெய் தண்ணீருக்குப் போவதோடு பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெய்க்கு வந்துவிடும், இன்ஜின் ஆயில் மோர்போல வெளுத்திருக்கும். இதில் ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓட்டினேன். கூழ் ஆடியது, ஆனால் குமிழி வரவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறம், ஒன்றிலும் ஈரமில்லை. கடைசியாக ரப்பர் குழாய். இன்ஜின் ஆயில் பட்டுக்கொண்டே இருந்தால் ரப்பர் ஊறி உப்பி வெந்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிடும். இந்தக் குழாய் கெட்டியாகவே இருந்தது.

ஆக, எண்ணெய் இன்ஜினிலிருந்து வரவில்லை. வெளியிலிருந்து வந்திருக்கிறது.

அடுத்து செய்ததை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. அந்தக் கூழில் ஒரு கரண்டி எடுத்து, தகர மூடியில் வைத்து ஸ்டவ்வில் காய்ச்சினேன். தண்ணீர் சடசடத்துப் போனபின் அடியில் மஞ்சளாக ஒன்று தங்கியது. இரண்டு விரலில் தொட்டுப் பிரித்தேன். இன்ஜின் ஆயில் வழுக்கிக்கொண்டு போகும், இது நூல் விட்டது. துணியில் நனைத்துக் கொளுத்தினேன். மாட்டுக்கொட்டகை விளக்கின் வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. பிரேக் வேலை செய்கிறவனுக்கு அந்த வாசனை நன்றாகவே தெரியும், பிரேக் எண்ணெயிலும் அதுதான் கலந்திருக்கும். சந்தேகமே இல்லை, விளக்கெண்ணெய்.

எனக்கு ஒரே குஷி. இன்ஜின் தப்பியது, முனிராஜும் தப்பினான் என்று நினைத்தேன். வெங்கடப்பன் திரும்பி வந்ததும் மூச்சு விடாமல் சொன்னேன்: "ஹெட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா. வறள ஓட்டவும் இல்ல. உள்ள இருக்கறது விளக்கெண்ணெய்."

"விளக்கெண்ணெயா?" அவர் குடையை மடக்கினார். "அது தானா வந்து உக்காந்துக்குமா? யாரோ ஊத்துனாத்தானே?" அப்படியே முனிராஜ் பக்கம் திரும்பினார். "போன மாசம் லீவு கேட்டான், குடுக்கல. வஞ்சம் வெச்சு ஊத்திட்டான் பய. கைத்தப்பு இல்ல மேஸ்திரி இது, துரோகம். ஸ்டேஷன்லயே சொல்லிடறேன்."

காலையில் அவனுக்கு வேலைதான் போவதாக இருந்தது. நான் மூளையைச் செலவழித்துக் கண்டுபிடித்ததில் இப்போது ஜெயிலும் சேர்ந்துகொண்டது.

"சாமி, நான் ஊத்தலீங்க. பொறக்கப் போற புள்ள மேல சத்தியம்" என்றான் முனிராஜ். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதையோ விழுங்குகிறான் என்று எனக்குப் பட்டது. அது என் கோபத்தைக் கிளறியது. வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

"வண்டிய முதல்ல கழுவிடறேங்க" என்றேன். "எப்படி உள்ள போச்சுன்னு தெரியாம விட்டா நாளைக்கு மறுபடி வரும். கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

மறுபடி வரும் என்றதும்தான் அவர் யோசித்தார். "சரி. சாயங்காலம் ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லு. இல்லாட்டி இவன் மூட்ட கட்டிக்கட்டும்." கடைத்தெருவில் தெரிந்தவர் மண்டியில் சாய்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியேட்டரின் அடிப்பக்கக் குழாயைத் திறந்து விட்டோம். கூழ் கொட்டவில்லை, இறங்கியது. நாடா நாடாவாகக் கீழே இறங்கி மண்ணில் விழுந்து அப்படியே உட்கார்ந்தது. ஈ மொய்த்தது. தெருநாய் ஒன்று வந்து மோந்து பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. டிரம்மில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சலவைச் சோடாவை அள்ளிப் போட்டுக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி இன்ஜினை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் வாய் வழியாக நுரை பொங்கி பானெட்டெல்லாம் வழிந்தது. இன்ஜின் ஆயிலாக இருந்தால் இப்படி நுரைக்காது. ஊசிப்போன விளக்கெண்ணெய் சோடாவில் சோப்பாகிவிட்டது. சோப்பு என்றால் மணக்க வேண்டுமே, இது செத்த எலியைக் குளிப்பாட்டினாற்போல நாறியது. திறந்து விடுவதும் ஊற்றுவதும் ஓட்டுவதுமாக மத்தியானம் போனது. கை, முழங்கை, கழுத்து எல்லாம் பிசுக்கு. மரத்தூளைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. என் வீட்டுக்காரி சாந்தம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான் முனிராஜ்.

பானையிலிருந்து டம்ளரில் மொண்டு நீட்டினேன். அவன் வாங்கவில்லை. குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டான்.

"டம்ளரப் புடிப்பா. இங்க எல்லாரும் அதுலதான் குடிக்கறோம். பட்டாளத்துல எப்படிக் குடிச்ச?"

"அது பட்டாளம்ங்க. இங்க கைலயே பழகிப்போச்சு."

எனக்கு எரிந்தது. கையிலேயே ஊற்றினேன். குடித்து முடித்து வாயைத் துடைத்தவன், "உங்க தண்ணி நல்லா இருக்குதுங்க. வழவழன்னு இல்ல" என்றான்.

ஸ்பேனரை எடுக்கப் போன என் கை நின்றது.

"வழவழன்னு எந்தத் தண்ணி இருக்கும்?"

அவன் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"உனக்கு இந்த வயித்து ஓட்டம் எப்பலேர்ந்து?"

"அது ஒரு ரெண்டு மூணு மாசமா இருக்குதுங்க."

"வண்டி கொதிக்க ஆரம்பிச்சதும் ரெண்டு மூணு மாசம்தானே?" என்றேன். "ஒரு நாளாவது நிக்குதா?"

"சாமியோட பெங்களூரு போய்த் தங்கினா நின்னுடுதுங்க. பண்ணைக்கு வந்தா மறுபடி புடிச்சுக்குது."

"பண்ணைல தண்ணி எதுல குடிக்கற?"

முனிராஜ் கையிலிருந்த துணியை முறுக்கினான். "கேக்காதீங்க மேஸ்திரி. நான் வாயால சொன்னா ஊட்டு மேல குத்தம் சொன்னாப்ல ஆயிடும். எண்ணெய் ஊத்துனான்னா ஜெயிலோட போவும். ஊட்டு மேல குத்தம் சொன்னான்னா பண்ணைலேர்ந்து சேரிக்குக் குடுக்கற தண்ணியே நின்னுடும்."

நேரில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ரேடியேட்டரில் நல்ல தண்ணீரை நிரப்பி, வண்டி ஏற்றத்தில் கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வெங்கடப்பனிடம் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். பேரிகை ரோட்டில் ஒரு ஏற்றத்திலும் ஆவி அடிக்கவில்லை. பின்சீட்டில் வெங்கடப்பன் வெற்றிலை மென்றுகொண்டு, வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்றார். வெண்ணெய் என்ற வார்த்தையே எனக்கு அன்று ஒத்துக்கொள்ளவில்லை.

வெயில் சாய்வதற்குள் பண்ணைக்குப் போய்விட்டோம். காற்று வெளியேறியதில் ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தண்ணி ஊத்தணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேன்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கிணறு. முனிராஜ் அதன் பக்கம் போகவில்லை. ஒரு புளியமரம்வரை போய் அங்கேயே நின்றுகொண்டு, "கெம்பம்மாக்கா, வண்டிக்குத் தண்ணி" என்று குரல் கொடுத்தான். தீண்டாமைக் குற்றத்துக்குத் தண்டனை என்று டில்லியில் சட்டம் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேரிகைக்கு பஸ் வந்துவிட்டது, சட்டம் இன்னும் பஸ் ஏறவில்லை.

வீட்டு வேலைக்காரி கெம்பம்மா வந்தாள். மாட்டுக்கொட்டகைக்குள் போனாள். அங்கே ஒரு வண்டிக்காரன் கட்டைவண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த தகர டின்னை வாங்கினாள். மிச்சம் இருந்த எண்ணெயைச் சாடியில் கவிழ்த்துவிட்டு, டின்னை அப்படியே கொண்டுவந்து புளியமரத்தடியில் வைத்தாள். கிணற்றில் சேந்திய தண்ணீரைக் குடத்தோடு தூக்கிவந்து, குடம் டின்னில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு நகர்ந்தாள். அதன்பின் முனிராஜ் டின்னைத் தொட்டான். ஒரு கை அள்ளி முதலில் தான் குடித்தான். மிச்சத்தை வண்டிக்குக் கொண்டுவந்தான்.

நான் டின்னை வாங்கி எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. டின்னின் உள்பக்கம் பழுப்பாக, சொரசொரவென்று, பல மாதத்துப் பிசுக்கு. ஓர் ஓரத்தில் மாட்டு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் மூடியைத் திறந்தபோது வந்த அதே நாற்றம்தான். வண்டிக்குள் அது போனதைப் பார்த்து எனக்குக் குமட்டியது. ஒரு மனுஷன் வாய்க்குள் போனதைக் கண்ணெதிரில் பார்த்ததும் குமட்டல்கூட வரவில்லை.

"இது என்னா டின்னு?" என்று கெம்பம்மாவைக் கேட்டேன்.

"அது வெளி டின்னுங்க" என்றாள் சாதாரணமாக. "மாட்டுக்கு மருந்து ஊத்தறதும் அதுலதான், அச்சுக்கு எண்ணெய் எடுக்கறதும் அதுலதான். ஊட்டுக்குள்ள கொண்டார மாட்டோம். முன்னல்லாம் இவனுக்குன்னு ஒரு மண்சட்டி இருந்துச்சு. ரெண்டு மூணு மாசம் முன்ன மாடு மிதிச்சு ஒடஞ்சுபோச்சு. அப்பலேர்ந்து இவனுக்கும் இதுலயே ஊத்தறேன்."

டின்னைக் கொண்டுபோய் வெங்கடப்பன் மூக்குக்கு நேராக நீட்டினேன். "ஐயா, உங்க வண்டிக்குள்ள எண்ணெய் போன வழி இதுதான். தெனம் ரெண்டு வேளை. யாரும் வஞ்சம் வெச்சு ஊத்தல. உங்க ஊட்டுல குடுத்ததத்தான் அவன் ஊத்துனான்."

அவர் எட்டிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், பிறகு பெரிதாகச் சிரித்தார். "அட, டின்னா! நான் இவன்னுல்ல நெனச்சேன். டேய் முனிராஜு, பொழச்ச போ."

அவ்வளவுதான். காலையிலிருந்து ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவைத்திருந்த மனுஷன், அந்தப் பேச்சையே ஈயை ஓட்டுவதுபோல ஓட்டிவிட்டார். முனிராஜ் கும்பிட்டான். அவன் கும்பிட்டதைப் பார்க்க எனக்கு அவர் மேலும் ஆத்திரம், அவன் மேலும் ஆத்திரம்.

"இந்தத் தண்ணியக் குடிச்சு அவனுக்கு மாசக்கணக்கா வயித்தால போவுதுங்க" என்றேன். "ஒரு நல்ல சொம்பக் குடுத்து, அவனையே கெணத்துல மொண்டுக்கச் சொல்லுங்க."

"மேஸ்திரி" என்றார், சிரிப்பை நிறுத்தாமல். "நீ வண்டியப் பாத்த, நல்லாப் பாத்த. அதோட இருந்துக்கோ."

அதற்குள் கெம்பம்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். தங்கம்போலத் தேய்த்த பித்தளைச் சொம்பு. நாள் முழுக்க வாயில் ஒன்றும் படாத எனக்கு நாக்கு வறண்டிருந்தது. குடிக்க முடியவில்லை. வண்டிக்குப் போய், சொம்புத் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டரில் ஊற்றி மூடியைத் திருகினேன். வெங்கடப்பன் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். என் கோபம் அவருக்கு உறைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பேரிகையில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சாந்தம்மா வைத்த வெந்நீரில் தோல் உரியக் குளித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து பிரேக்கைச் சரிபார்க்க அதே வண்டி வந்தது. வெங்கடப்பன் வாசலில் நிற்காமல் உள்ளேயே வந்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அத்தனை சந்தோஷம்.

"மூடியத் திறந்து பாரு மேஸ்திரி!"

திறந்தேன். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"நீ அன்னிக்கி ஊத்துனியே, அதப் பாத்துத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு" என்றார். முன்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துக் காட்டினார். புதுச் சொம்பு, கழுத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. "வண்டிக்குன்னே வாங்கிட்டேன். கெம்பம்மாவே கெணத்துல மொண்டு இதுல கொண்டாந்து நேரா ஊத்திடுவா. இவன் கைபடறதே இல்ல. இனிமே எண்ணெய் எப்படி வரும்?"

சொம்பை வாங்கி உள்ளே பார்த்தேன். முகம் தெரிந்தது. சிரிக்கத்தான் வரவில்லை.

"அப்ப முனிராஜுக்கு?" என்றேன்.

"அவனுக்கு என்னா?" வெங்கடப்பனுக்கு என் கேள்வியே புரியவில்லை. "அவனுக்குத்தான் அந்த டின்னு இருக்குதே."

முனிராஜைத் தேடித் திரும்பினேன். அவன் கார்க் கதவைச் சாத்தக்கூட நிற்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி உண்ணிச்செடிப் புதரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.